பறவைக்கு ரத்தம் எடுக்கிறவர்களைத் தேடிப் போனேன்

எழுமலையிலிருந்து மதுரைக்கு முதல் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு. டிக்கெட் நாலு ரூபாய் பத்துக் காசு. எண்பத்தொன்றாம் வருடம் கார்த்திகைக் கடைசியில், செத்துப்போன என் தம்பி சின்னப்பாண்டிக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட மறுநாள், அந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியாவா தாயி போற? மதுரையில யாரு இருக்கா?"

"சண்டை போட ஆளு இருக்கு. டிக்கெட்டக் குடுங்கண்ணே."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

யாரோடு சண்டை என்று சொல்லிவிடுகிறேன். கண்மாய்க் கரையை ஒட்டி, ஊரில் கடைசி வீடு எங்களுடையது. ஆடி மாதம் ஒரு ஜீப் வந்தது. மதுரையில் கிருமி ஆராய்ச்சி ஆபீஸ் என்றார்கள். நாலு வெள்ளைக் கோழிகளைக் கம்பிக் கூண்டோடு எங்கள் வீட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். தீவனமும் அவர்களே கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை குமரேசன் என்கிற ஆள் வந்து ஒவ்வொரு கோழிக்கும் இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போவார். "கவர்மென்ட் கோழி. ஒண்ணுக்கும் சேதாரம் வரக் கூடாது" என்று வருகிற தடவையெல்லாம் சொல்வார். ரத்தம் எதற்கு என்று அம்மா கேட்டாள். "அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது" என்றார்.

ஐப்பசி பிறந்ததும் கண்மாய்க்கு வெளிதேசத்துப் பறவைகள் வந்தன. ஜீப்பில் இன்னும் நாலு பேர் வந்து தண்ணீர் ஓரமாக வலை கட்டி அவற்றைப் பிடித்தார்கள். அவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. தம்பிதான் முன்னால் நின்றான்.

தீபாவளி முடிந்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. மறுநாள் வலிப்பு. என்னையே அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. அம்மா கருப்பசாமிக்குக் கோழி கொடுப்பதாக நேர்ந்தாள். எங்கள் வீட்டில் கோழி இல்லை. எங்கேயாவது கேட்டு வாங்கவும் நேரம் இல்லை. கவர்மென்ட் கூண்டைத் திறந்து ஒரு வெள்ளைக் கோழியைத் தூக்கிக்கொண்டு போய் அறுத்துவிட்டாள். அப்புறம்தான் மதுரைக்குத் தூக்கிப் போனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிள்ளையைத் துணி சுற்றித்தான் திரும்பக் கொண்டுவந்தோம்.

அடுத்த வாரம் குமரேசன் வழக்கம்போல வந்தார். வாசலில் சாவுப் பந்தல் பிரிக்காமல் கிடந்தது. அதைத் தாண்டிக் கூண்டுக்குப் போனார்.

"மூணுதான இருக்கு? நாலாவது எங்க?"

அம்மா உள்ளதைச் சொன்னாள். கவர்மென்ட் கோழியை யாரைக் கேட்டு அறுத்தீர்கள் என்று கத்திவிட்டு, மிச்ச மூன்றையும் கூண்டோடு தூக்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அம்மா ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்தவன் பொருளச் சாமிக்குக் குடுத்தேன். சாமி ஏத்துக்கல. பிள்ளையப் பறிச்சுக்கிருச்சு." இதையேதான் சொல்வாள். சோறு இறங்கவில்லை. எழுந்து நின்றால் தள்ளாடினாள். நான் சொல்வதை, அப்பா சொல்வதை, யார் சொல்வதையும் கேட்கவில்லை. அந்தக் கோழிக்கும் தம்பி செத்ததற்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? கோழியைக் கொண்டுவந்து வைத்தவன் வாயால் அதைக் கேட்டு வந்து அவளிடம் சொன்னால்தான் அவள் பிழைப்பாள். பஸ் ஏறியது அதற்குத்தான்.

உசிலம்பட்டி தாண்டியதும் விடிந்துவிட்டது. அந்த வருடம் நல்ல மழை. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. செக்கானூரணிக்கு அப்புறம் நாகமலை நீளமாகக் கூடவே வந்தது. வயலுக்கு வயல் கொக்கு. முன் சீட்டில் ஒருத்தி தன் பிள்ளையிடம், "அங்க பாரு, கொக்கு அம்புட்டும் உனக்கு டாட்டா காட்டுது" என்றாள். எனக்கு எழுந்து போய் அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

மதுரையில் எட்டு மணிக்கு இறங்கினேன். ஜீப் கதவில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நடந்து அந்த ஆபீஸைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமானது. பழைய பங்களா. உள்ளே இருந்து எலி வாடை அடித்தது. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோழி வைத்த பெரிய ஆபீசரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"டாக்டர் இல்லம்மா. கேம்ப்பு. கொட்டாம்பட்டிப் பக்கம் போயிருக்காரு. அடுத்த வாரம் வா."

"நான் அங்கயே போறேன்."

"அங்கயா? பறவ பிடிக்கிற எடத்துல ஒனக்கு என்னம்மா வேல?"

"எங்க வீட்டுல அவுகளுக்கு என்ன வேலன்னு கேக்கத்தான் போறேன்."

அவர் இட்லியை வைத்துவிட்டு ஊர்ப்பெயரைச் சொன்னார். கொட்டாம்பட்டியில் இறங்கி மேற்கே மூன்று மைல்.

வைகைப் பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில்தான் மேலூர்ப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கும். ஆற்றில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. அதில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாம்பட்டிக்கு மூன்று ரூபாய் அறுபது காசு. உட்கார இடம் இல்லை. மேலூர் வரை நின்றுகொண்டே போனேன். இடதுபக்கம் அழகர்மலை மேகம் மூடிக் கிடந்தது. மேலூரில் பஸ் நின்றபோது ஒரு டீ குடித்தேன், முப்பத்தைந்து காசு. சாப்பாடு இரண்டு ரூபாய் என்று போர்டு தொங்கியது. பசித்தது. அம்மா சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைத்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

கொட்டாம்பட்டியில் இறங்கும்போது மணி ஒன்றரை. டீக்கடை வாசலில் அதே ஜீப் நின்றது. டிரைவர் காதர் பாய் மண்ணெண்ணெய் டின்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு வந்தவர்களில் தெருவில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியது அவர் ஒருத்தர்தான்.

"அண்ணே, என்னயத் தெரியுதா? எழுமலைப் பக்கம், கண்மாய்க் கரை வீடு. கோழி வச்சீங்கள்ல?"

"அட, ஆமா. ஒரு சின்னப் பய இருப்பானே, ஸ்டீரிங்கப் பிடிக்க விடுங்க பாய்னு உசுர வாங்குவான். எப்படி இருக்கான்?"

"செத்துட்டான்ணே. மூளக்காய்ச்சல்."

டின்னைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ்" என்றார். முன் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு, "ஏறும்மா" என்றார்.

அந்த ஊர்க் கண்மாய் எங்களுடையதைவிடப் பெரிது. கரை முழுக்கக் கருவேல மரம், அவ்வளவும் கொக்கு, வக்கா. தண்ணீரில் கிளுவை வாத்துக் கூட்டம் மிதந்தது. கரையோரம் ஒரு வீடு. அதன் பக்கத்தில் அதே கம்பிக் கூண்டு, நாலு வெள்ளைக் கோழி. கூண்டுக்கு முன்னால் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று உட்கார்ந்து குருணையை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி பெயர் பஞ்சவர்ணம். அந்தப் பிள்ளை அவள் மகள் ராக்கு. தண்ணீர் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு தட்டில் சோறும் போட்டாள். எதற்கு இந்தக் கோழி என்று கேட்டேன்.

"கவர்மென்ட்டு கோழி வளக்கச் சொல்லுது. பெறகு நமக்கே குடுத்துருவாக போல."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வேற எதுக்கு வைப்பாக?"

நாலரை மணிக்கு மேல்தான் அவர்கள் கண்மாய்க்குள் இறங்கினார்கள். மூங்கில் கம்புகளை நட்டு நடுவில் கறுப்பு நூல் வலையை இழுத்துக் கட்டினார்கள். கிட்டே போனாலும் வலை இருப்பது தெரியாது, அத்தனை மெல்லிசு. வெயில் இறங்கியதும் சேற்றில் மேய்ந்த உள்ளான் பறவைகள் கூட்டமாக எழும்பின. ஏழெட்டு அதில் மாட்டித் தொங்கின.

டாக்டர் நாற்பது வயதுக்காரர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு உள்ளானை வலையிலிருந்து இறகு பிசகாமல் விடுவித்தார். வெளிச்சம் பட்டால் மிரளும் என்று அதன் தலையைச் சின்னத் துணியால் மூடினார். கழுத்துப் பக்கம் ஊசி வைத்துத் துளி ரத்தம் இழுத்தார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று அதனிடம் பேசினார். ரஷ்யாவுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பறவையாம். காலில் வளையம் போட்டுக் கையைத் திறந்தார். போய்விட்டது.

சாவுப் பந்தலைத் தாண்டிக் கோழியை எண்ண வந்த குமரேசன், இந்தக் குரலில் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நான் சேற்றில் இறங்கினேன். குமரேசன்தான் முதலில் பார்த்தார். "சார், அந்தக் கோழிய அறுத்த வீட்டுப் பொண்ணு."

டாக்டர் நிமிர்ந்தார். "ஓ, நீங்களா? ஒரு கோழி போச்சுன்னா எத்தனை மாச வேலை வீணாகும் தெரியுமாம்மா?"

பின்னால் இருந்து காதர் பாய் சொன்னார்: "சார், அந்த வீட்டுப் பையன் மூளக்காய்ச்சல்ல போயிட்டானாம்."

டாக்டர் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் வலையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன சேதி ஒரு கோழி குறைகிறது என்பது மட்டும்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. நான் கேக்குறதுக்கு மட்டும் பதிலச் சொல்லுங்க. கோழிய அறுத்ததுனாலயா எந்தம்பி செத்தான்?"

"இல்லை. இல்லவே இல்லை." கரைக்கு ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். "கிருமி பறவை உடம்புல இருக்கும். பறவைக்கு ஒண்ணும் ஆகாது. அதைக் கடிச்ச கொசு மனுஷனைக் கடிச்சா காய்ச்சல். கடிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சலே தெரியும். உங்க அம்மா கூண்டைத் திறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அவன் உடம்புக்குள்ள அது இருந்திருக்கு. கோழியைத் தொடாம இருந்திருந்தாலும் அதேதான்."

இந்த நாலு வரிக்குத்தான் வந்தேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப கோழி எதுக்கு?"

"ஊருக்குள்ள கிருமி வந்திருச்சான்னு பாக்கறதுக்கு. கொசு கோழியையும் கடிக்கும். கோழி சாகாது, ஆனா அது ரத்தத்துல தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சுச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம்தான் ரிசல்ட் வந்தது. தீபாவளிக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துலயே இருந்திருக்கு. டெஸ்டுக்கு அவ்வளவு நாள் ஆகுதும்மா. வேணும்னு செய்யல."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. டெஸ்டுக்கு நாளாகும் என்றால் என்ன செய்வது? நான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய மனுஷி மாதிரி, "சரி சார்" என்றுகூடச் சொன்னேன்.

இருட்ட ஆரம்பித்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த பஞ்சாயத்துக் கட்டிடத்துக்குப் போனார்கள். தலை வலிக்கிறது என்றேன், மாத்திரை தருவதாக டாக்டர் கூப்பிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையாக நாலு மடக்குக் கட்டில். நாலு கட்டிலுக்கும் மேலே வெள்ளை வெளேரென்று கொசுவலை. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகி, ஒரு கொசு நுழைய இடமில்லாமல் கட்டியிருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியபோதும் இப்படித்தான் கட்டியிருந்தார்கள். தம்பி பார்த்துவிட்டு ஓடி வந்து, "அக்கா, அந்த சாருக எல்லாம் பொண்ணு மாப்ள மாதிரி திரை கட்டிப் படுத்துருக்காக" என்றான். பட்டணத்து ஆளுக்குக் கொசுவுக்குக்கூடப் பயம் என்று வீட்டில் சிரித்தோம்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"எது? கொசுவலையா?" என்றார் குமரேசன். "கொசு கடிக்கும்ல."

"கடிச்சா என்னாகும்?"

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கய்யா, கடிச்சா என்னாகும்? ஒங்களுக்குத் தெரியும். ரிசல்ட் வாரதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான வலைக்குள்ள படுத்தீங்க? எங்க வீட்டுக்கு வாரா வாரம் வந்தீங்களே, 'பிள்ளைய வலைக்குள்ள படுக்கப் போடும்மா'ன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சுச்சா? கோழிக்குச் சேதாரம் வரக் கூடாதுன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல!"

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டாக்டர் மெதுவான குரலில், "சொல்றதுக்கு வேற டிபார்ட்மென்ட் இருக்கும்மா. நாங்க சொன்னா ஜனங்க பயந்துபோய் பறவையை எல்லாம் அடிச்சிருவாங்க" என்றார்.

"பறவை சாகக் கூடாது. எந்தம்பி சாகலாம்."

டாக்டர் உள்ளே போய்த் தன் கட்டிலின் வலையை அவிழ்த்தார். மடித்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். எனக்கு எதற்கு, எங்கள் வீட்டில் யாரைப் படுக்க வைக்க என்று கேட்டேன். பஞ்சவர்ணமும் அங்கே நின்றாள். அவள் கையில் கொடுக்கச் சொன்னேன். கொசு பறவையைக் கடிக்கும், கோழியைக் கடிக்கும், மனுஷனைக் கடிக்கும், அதிலேதான் சீக்கு என்று அவளிடம் சொன்னேன். "நீ போய்ப் படு தாயி, நான் கட்டிக்கிறேன்" என்றாள். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை எனக்கு. அவள் வீட்டில் போய்ப் படுத்ததுதான் தெரியும்.

காலையில் முழித்தபோது ராக்கு என் பக்கத்தில் படுத்துக் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை தடிப்புத் தடிப்பாகக் கொசுக்கடி. மேலே வலை இல்லை. வெளியே வந்தேன். கூண்டின் மேல் வலை போர்த்தியிருந்தது. நாலு மூலையிலும் கல் வைத்து, நடுவில் தொய்யாமல் ஒரு குச்சி ஊன்றி, அத்தனை பக்குவமாக. உள்ளே நாலு கோழியும் நின்றன.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"நீதான ராத்திரி சொன்ன, கொசு கடிச்சாக் கோழிக்குச் சீக்கு வரும்னு? ஒண்ணு செத்தாலும் அந்த சாரு தொலச்சிருவாருல்ல. ஒங்க வீட்டுல என்ன பேச்சுப் பேசிருக்காரு. எங்களுக்குக் கொசுக்கடி பழகினதுதான."

அந்த நேரம் பார்த்து ரத்தம் எடுக்கிற பெட்டியோடு டாக்டரும் குமரேசனும் வந்தார்கள். வலையைப் பார்த்ததும் டாக்டர் பதறிவிட்டார்.

"ஐயையோ, கோழியை மூடாதீங்கம்மா! கோழியைக் கொசு கடிக்கணும்! கடிச்சாத்தானே எங்களுக்கு..."

ராக்கு வாசற்படியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தது. அவர் அந்தக் காலைப் பார்த்தார்.

நான் வலையை உருவி அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கட்டுங்க. நீங்களே வாயால சொல்லுங்க. நான் சொன்னா கோழிக்குத்தான் கட்டுவாக."

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். ராக்கு படுக்கிற இடத்துக்கு மேலே கட்டினார். "சாயங்காலத்துலேர்ந்தே பிள்ளை உள்ள இருக்கணும். கோழி செத்தாலும் பரவாயில்லை, நான் கேக்க மாட்டேன்" என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னார். அவள் நம்பாமல் குமரேசனைப் பார்த்தாள். குமரேசன் தலையாட்டிய பிறகுதான் சரி என்றாள். அடுத்த வீட்டுக்கும் வாங்க என்றேன். வந்தார். அதற்கு அடுத்த வீட்டுக்கும் வந்தார். அவர் படித்த தமிழில் சொன்னதைக் காதர் பாய் அந்த ஊர்த் தமிழில் திருப்பிச் சொன்னார். "இங்க அம்புட்டுப் பேருக்கும் வலைக்கு எங்க சார் போறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். டாக்டர் அடுத்த வாசலைப் பார்த்து நடந்தார். அவர் போன பிறகு எல்லா வீட்டிலும் கேட்பார்களா என்றும் எனக்குத் தெரியாது. தெரு முழுக்க அவரை நடக்கவிட்டேன், அது மட்டும் தெரியும்.

பத்தேகால் பஸ்ஸில் கொட்டாம்பட்டியிலிருந்து கிளம்பினேன். மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் கொசுவலை என்ன விலை என்று கேட்டேன். இருபத்தெட்டு ரூபாய் என்றார்கள். கடைக்காரர் விரித்துக் காட்டினார். எத்தனை பேர் படுக்க என்று கேட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கோழியால் இல்லை. கூண்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் உடம்பில் சீக்கு இருந்தது. சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "பெரிய டாக்டரே சொன்னாரா?" என்று மூன்று தடவை கேட்டாள். சாயங்காலம் அரைக் கும்பா கஞ்சி குடித்தாள்.

கொசுவலையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்தத் தடவை அதைப் பிடித்துக்கொள்வாள், நாம் ஏன் ஒன்று வாங்கிக் கட்டவில்லை என்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இங்கே எழுதிவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் கண்மாய்க் கரைக் கடைசி வீட்டில் மட்டும் இதைப் பேசாதீர்கள். மற்ற வீடுகளில் எல்லாம் சொல்லுங்கள்.